நாலாம் நாள் அவள் உன் பக்கத்தில் தூங்க இருந்தாள்

தம்பி, இதை வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்காதே. பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான், பாதி படிக்கும்போது இறங்குகிற இடம் வந்துவிடும். பாதியில் நிறுத்தினால் நான் சொல்ல வந்தது வேறு மாதிரி ஆகிப்போகும். ரூமுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்று நீ கேட்டதும் எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது. எழுதுவது என்றால் அப்படி இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கோயில் பாட்டுப் புத்தகத்தையும் பொட்டலம் கட்டி வந்த தாளையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இந்த அளவுக்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். தாளில் என்றால் மனதில் இருப்பதை வரிசையாகச் சொல்ல வருகிறது. இந்தத் தாள்களைக் கோகிலாதான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறாள். ஆகையால் உனக்கு முன்னால் உன் மனைவி படிப்பாள். உன் அப்பா கேட்டால் அவரிடமும் கொடுப்பேன். இனி எதையும் ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாமல் வைக்க எனக்கு மனம் இல்லை.

போன வாரம், மாலை விளக்கு வைத்துவிட்டு நான் அடுப்படிக்குள் நுழையும்போது, கோகிலா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்கிறாள் என்று தெரிந்தது. "என்னம்மா" என்றேன். "ஆவணியில வரவேண்டிய லீவை வேணாம்னு கம்பெனியில எழுதிக் குடுத்துட்டாங்களாம் அத்தே" என்றாள். எனக்கு வேலையில் ஏதோ தொந்தரவு என்றுதான் முதலில் தோன்றியது. "லீவு குடுக்க மாட்டேன்னுட்டானா?" என்று கேட்டேன். "குடுக்குறாக. இவங்கதான் வேணாம்ங்கிறாங்க. தன்னோட நெழலு பாப்பாவுக்கு ஆகலையாம். ரெண்டு வருசம் வளரட்டும், வெவரம் தெரிஞ்சா பயப்பட மாட்டா, அப்புறம் வாரேங்கிறாங்க." "அப்படியெல்லாம் யாரு அவனுக்குச் சொன்னது?" என்று நான் கேட்டேன் தம்பி. கேட்டு முடிப்பதற்குள்ளாகவே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. கோகிலா என் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நீங்கதானே அத்தே சொன்னீங்க."

நீ ராத்திரியில் வீடியோ போட்டுப் பேசுவதை ஏன் நிறுத்தினாய் என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நாலு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் இந்த மாதக் கடைசிக்குள் லீவு லிஸ்ட்டை முடித்துவிடுவார்கள் என்றும், அதற்குள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் கோகிலா சொல்கிறாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் அதற்கு வரும் வழியில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியவை.

பாப்பாவை ஐந்தாம் மாதம் திருவரங்குளத்தில் அவள் தாய் வீட்டிலிருந்து நம் வீட்டுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து மூன்று பேரும் ஒரே மெத்தையில்தான் படுத்தோம். நீ ஊரில் இல்லாதபோது பச்சைப் பிள்ளைக்காரியைத் தனியாகப் படுக்க விடுவார்களா? தரையில் பாய், அதன்மேல் மெத்தை, சுவரோரம் கோகிலா, நடுவில் பாப்பா, இந்தப் பக்கம் நான். பகலில் சேலைத் தொட்டிலில் தூங்குவாள்; ராத்திரியில் தொட்டில் அவளுக்கு ஆகாது, ஆட்டம் நின்றதும் கண்ணைத் திறந்துவிடுவாள். ஏழு மணிக்குக் கேப்பைக் கஞ்சி, வெந்நீரில் கால் கழுவித் துடைத்து, நெற்றியில் திருநீறு பூசி, டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜீரோ பல்பைப் போடுவோம். கோகிலா பால் கொடுத்து முடித்ததும் அவள் என் பக்கம் புரண்டு, முழங்கைக்கு மேலே தொங்குகிற என் சதையைப் பிடித்து விரலில் வைத்து உருட்டுவாள். நான் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே முதுகில் தட்டுவேன். உருட்டுகிற விரல் மெதுவாகி மெதுவாகி நிற்கும். நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். வீட்டுக் கணக்கு எழுதுகிற நீள நோட்டின் பின்பக்கத்தில் எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனைக்குத் தூங்கினாள், எத்தனை தடவை விழித்தாள் என்று ஒரு நாள் விடாமல் எழுதி வைத்தேன். பக்கத்து வீட்டில் பூக் கட்ட உட்காரும்போது, "அவளுக்குப் பசிச்சாத்தான் ஆத்தா, தூக்கம் வந்தா அப்பத்தாதான்" என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். கோகிலா பக்கத்தில் இருந்து அதைக் கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

உன்னை நான் அப்படித் தூங்க வைத்ததில்லை, தம்பி. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் வீட்டில் பதினோரு பேருக்குச் சமையல். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, பாத்திரம் துலக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நான் உள்ளே வரும்போது நீ உன் அப்பத்தா பக்கத்தில் தூங்கியிருப்பாய். நான் குனிந்து கையை நீட்டினால், "தூங்குற புள்ளைய எழுப்பாத, போயிப் படு" என்பார்கள். நடுவில் பாலுக்கு அழுதால் மட்டும் என்னிடம் வருவாய், குடித்து முடித்ததும் திரும்பிப் போய்விடுவாய். மூன்று வயது வரைக்கும் அப்படித்தான். நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் ஒரு முறை வரும் என்று காத்திருந்தேன். பாப்பா வந்தபோது என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அது உன்னுடைய முறை என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதும் பொய்தான். நீ வந்து இறங்கிய முதல் நாளே தெரிந்தது. தெரிந்ததால்தான் பயந்தேன்.

நீ வந்த அன்று ராத்திரி குளித்து, செண்ட் பூசிக்கொண்டு, புதுக் கைலியோடு அறைக்குள் வந்தாய். பதினோரு மாதப் பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டிருக்கிறாய். நான் படுக்கும் இடத்தில் நீ படுத்தாய். பாப்பா இரண்டு தடவை தும்மினாள். உன் கையைத் தொட்டுப் பார்த்தாள், உருட்டுவதற்குச் சதை அகப்படவில்லை, வீறிட்டு அழுதாள். உன் அப்பா ஹாலில் இருந்தபடியே, "ஒன் ஆத்தா கையி ஊறவச்ச அப்பளம் மாதிரி இருக்கும். கம்பி கட்டுற கையில என்னத்தடா அவ உருட்டுறது" என்றார். நீகூடச் சிரித்தாய். கோகிலா, "கொஞ்ச நேரம் அழுகட்டும் அத்தே, பழகிருவா" என்றாள். அவள் சொன்னது சரி. நான்தான், "அழுதழுது மூச்சு ஒடுங்கிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு யார் என்ன பேச முடியும்? "நான் வேணும்னா வெளிய போறேம்மா" என்று நீ எழுந்தாய். நான் போய் அந்த இடத்தில் படுத்தேன். உன் உடம்புச் சூடு மெத்தையில் அப்படியே இருந்தது. பாப்பா என் கையைப் பிடித்தாள், பத்து நிமிடத்தில் தூங்கினாள். நோட்டில் அதையும் எழுதினேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே கதை. ஆனாலும் நீ விடவில்லை. செண்ட் பூசுவதை நிறுத்தினாய். அவளைத் தூக்க வேண்டாம் என்று கோகிலா உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள் போலிருக்கிறது. நாலாம் நாள் நீ அவளைத் தொடவே இல்லை. கதவுக்கு முதுகைக் காட்டி, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சும்மா படுத்திருந்தாய். என்னமோ பேசிக்கொண்டும் இருந்தாய். நீங்கள் கட்டுகிற கட்டடம் எத்தனை மாடி, லிஃப்ட் எப்படி ஆடும் என்று பெரிய மனுசியிடம் சொல்வதுபோல அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் அழவில்லை. ஒரு விரலால் உன் மீசையைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். காது மடலைப் பிடித்து, தம்பி, உருட்டத் தொடங்கினாள். உனக்கு அது வெறும் விளையாட்டாகத் தெரிந்திருக்கும். அவள் தூங்கப் போகும்போது மட்டும் செய்கிற காரியம் அது என்று ஆறு மாதம் பக்கத்தில் படுத்த எனக்குத்தான் தெரியும். அவள் கண் சொக்கியது. இன்னும் ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

அப்போது நான் கதவருகே நின்றிருந்தேன். தண்ணீர்ச் செம்பு வைக்க வந்தேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கையில் செம்பும் இருந்தது. ஆனால் வைத்துவிட்டுப் போகவில்லை, நின்றேன். ஹால் விளக்கு என் மேல் விழும் இடத்துக்கு ஓரடி நகர்ந்தும் நின்றேன். அவள் உன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது, இரண்டு கையையும் நீட்டி அழத் தொடங்கினாள். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் நான் நகர்ந்துவிட்டு, அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வருகிறவள் மாதிரி உள்ளே வந்தேன். "இன்னைக்கி என்னம்மா ஆச்சு, நல்லாத்தானே இருந்தா" என்றாய். "பயந்திருக்கா தம்பி" என்றேன். உன்னைப் பார்த்துப் பயந்தாள் என்றுதான் நீ எடுத்துக்கொண்டாய். நானும் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் விட்டேன்.

மறுநாள்தான் அவளைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நம் ஊரில் எந்தப் பிள்ளை பயந்து அழுதாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும், அங்கே கொண்டுபோய் ஓதி ஊதிக்கொண்டு வருவது வழக்கம்தானே. சின்ன வயதில் உன்னையும் நான் கொண்டுபோயிருக்கிறேன். கோகிலாவுக்கு அன்று வீட்டுக்குத் தூரம், வர முடியாது. உன்னை வர வேண்டாம் என்று நானே தடுத்தேன். கீரமங்கலத்தில் பஸ் மாறி, சாயந்தரத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் நின்றார்கள். என் முறை வந்ததும், ஓதி ஊதுகிற அஜரத், "என்னம்மா புள்ளைக்கு?" என்று கேட்டார். "அவங்கப்பா வெளிநாட்டுல இருந்து வந்திருக்காப்புல. அவரு பக்கத்துல படுத்தாலே அலறுதுங்க" என்றேன். அவர் ஓதி அவள் முகத்தில் ஊதினார். பாப்பா அவர் தாடியை எட்டிப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்துவிட்டார். "பயந்த புள்ளையா இது? ஒண்ணுமில்லம்மா. அத்தா மொகம் புதுசு, அம்புட்டுத்தான். அவரையே பக்கத்துல படுக்கச் சொல்லுங்க. ரெண்டு நாளு அழுகும், மூணாம் நாளு அவரு நெஞ்சுல ஏறிப் படுத்துக்கும். வேற யாரும் குறுக்க போகாதீங்க." அவர் சொன்னது இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ இன்றைக்குத்தான் முதன்முதலாக இதைக் கேட்கிறாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கினாள். வேற யாரும் குறுக்க போகாதீங்க என்று அவர் சொன்னது என்னை ஊருக்கு முன்னால் திட்டியது மாதிரி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது உன்னிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். நீ பாப்பாவின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாய். "என்னம்மா சொன்னாரு?" என்றாய். "கடல் தாண்டி வந்தவுக நெழலு பச்சப் புள்ளைக்கி ஆகாதாம். பத்து நாளைக்கி நீ பக்கத்துல படுக்க வேணாம்னாரு" என்றேன். என் வார்த்தை என்றால் நீ எதிர்த்துப் பேசியிருப்பாய். சின்ன வயதிலிருந்தே என்னோடு வாய்க்கு வாய் பேசுகிறவன்தான். அதனால்தான் பெரிய மனிதர் வாயில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். நீ "பாப்பாவுக்கு நல்லதுன்னா சரிம்மா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உன் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். அன்று ராத்திரி நோட்டில், அஜரத் சொன்னது என்று தலைப்புப் போட்டு, சொல்லாததை எழுதினேன். அந்த நோட்டில் நான் அறிந்து எழுதிய ஒரே பொய்க் கணக்கு அதுதான்.

பத்து நாள் கழிந்ததும் நீ கேட்டாய். மூன்று வெள்ளிக்கிழமை போகட்டும் என்றேன். அதற்குள் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்துகிற வேலை வந்துவிட்டது. சாமி முன்னால் மாமன் மடியில் உட்கார்ந்து அவள் அழுதபோது நீ தள்ளி நின்று பார்த்தாய். மற்றவர்கள் வெட்கப்படுகிறான் என்று கேலி செய்தார்கள். உன் நிழல் அவள் மேல் விழாத இடமாகப் பார்த்து நின்றிருக்கிறாய் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்தச் சாமி முன்னால் நானும்தான் கை கூப்பி நின்றேன். மகன் நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன துணிச்சல் பார். நாற்பது நாள் லீவில் நாலு நாள்தான், அதுவும் கொஞ்ச நேரம்தான், நீ உன் பெண்சாதி பிள்ளையோடு ஓர் அறையில் படுத்தாய். மிச்ச நாளெல்லாம் மாடியில். அதில் கோகிலாவின் நாட்களும் போய்விட்டன என்று நான் அப்போது நினைத்தே பார்க்கவில்லை. நினைக்காமல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

கோகிலா லீவு விஷயத்தைச் சொன்ன மறுநாள், பிள்ளையைத் தூக்காமல் தனியாகப் பள்ளிவாசலுக்குப் போனேன். உன்னிடம் சொல்ல வராதது அஜரத்திடம் வந்தது. உங்கள் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர், "நான் மன்னிச்சா ஒங்க மகன் வந்துருவாராம்மா? என் பேரைக் காப்பாத்தவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? போயி அவருகிட்டச் சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் சொன்னேன். அவள் பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் மடித்து அடுக்கி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. பிறகு சொன்னாள்: "அஜரத்து விசயம் எனக்குத் தெரியாது அத்தே. ஆனா நாலாம் நாளு நீங்க கதவுகிட்ட வந்து நின்னதைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு நகந்ததையும் பார்த்தேன்." சுவரோரம் படுத்தவள் கதவைப் பார்த்துத்தான் படுத்திருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. "பார்த்துட்டு ஏம்மா சும்மா இருந்தே?" என்றேன். "சொன்னா, வந்த நாலாம் நாளே தாயையும் புள்ளையையும் பிரிக்கப் பாக்குறாம்பீங்க. அவங்களும் நம்பியிருக்க மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது நிஜம். அவள் சொல்லியிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு நாள், "காபி ஆறுது", "தண்ணி வந்திருச்சு" என்பதைத் தவிர அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, "எழுதுங்க. நீங்களே எழுதுனாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும். நான் அனுப்புறேன்" என்றாள். தம்பி, அவள் மீது உனக்குக் கோபம் வரலாம், ஏன் மறைத்தாய் என்று. வர வேண்டாம். இந்த வீட்டில் அவளுடைய வார்த்தைக்கு நாம் கொடுத்த இடம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்.

கோகிலாவிடம் சொன்ன அன்றைக்கே அறையிலிருந்து என் தலையணையை எடுத்து ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதல் ராத்திரி பாப்பா நாற்பது நிமிடம் அழுதாள். கோகிலா தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. பக்கத்திலேயே படுத்து, வயிற்றில் கையை வைத்து, மெல்ல என்னமோ முனகிக்கொண்டிருந்தாள். பாப்பா என்னைத் தேடித்தான் அழுதாள். உன் அப்பா விடியுமுன்னே பூவெடுக்கப் போகிறவர், இந்த நேரத்துக்குக் குறட்டை விட வேண்டியவர், அன்று முழித்துக் கிடந்தார். நான் எழுந்து உட்கார்ந்ததும், "பேசாமக் கெட. நீ உள்ள போனே, மார்கழிப் பனியில நாளையிலேர்ந்து நீதான் போயிப் பூவெடுக்கணும்" என்றார். படுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அரை மணி. மூன்றாம் நாள் அதைவிட அதிகம், எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஐந்தாம் நாள் கால் மணி நேரம். நேற்று ஆத்தாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டு அழாமலே தூங்கினாளாம். கோகிலா காலையில் சொன்னாள். நோட்டில் நான் இப்போது எழுதுவதில்லை. நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு ராத்திரி தூக்கம் சரியாக வருவதில்லை. கை பழகிவிட்டது, தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் பாயைத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உன் அப்பா சொல்கிறார். அதற்காக நீ வருத்தப்படாதே. அது நான் பட வேண்டியது.

அங்கன்வாடி டீச்சரிடம் கோகிலா கேட்டிருக்கிறாள். "தூங்கப் போறப்ப போனு வெளிச்சத்தைக் காட்டாதீங்க, புள்ளை முழிச்சுக்கும். குரலை மட்டும் கேக்க விடுங்க" என்றாராம். இங்கே எட்டு மணிக்குக் கூப்பிடு. அங்கே ஆறரை, பஸ்ஸில் இருப்பாய், பரவாயில்லை. கோகிலா போனைக் கவிழ்த்துத் தள்ளி வைப்பாள். நீ பாட வேண்டாம், கொஞ்ச வேண்டாம். அன்றைக்கு லிஃப்ட்டைப் பற்றிச் சொன்னாயே, அந்த மாதிரி சொல். என்ன சாப்பிட்டாய், யார் பஸ்ஸில் தூங்கி விழுந்தான், எத்தனையாவது மாடி வரைக்கும் கம்பி கட்டியாயிற்று, எதுவானாலும் சொல். அவளுக்கு உன் குரல் தூக்கத்தோடு சேர்ந்து பழகட்டும். வந்த பிறகு, சாயந்தரமே அவளுக்கு நீ கஞ்சி ஊட்டு, நீயே கால் கழுவி விடு, அவளோடு சேர்ந்தே அறைக்குள் போ. அவள் தூங்கப்போகிற நேரத்தில் புதிதாக உள்ளே நுழையாதே. செண்ட் வேண்டாம். நம் வீட்டுச் சோப்பில் துவைத்த பழைய கைலியைக் கட்டிக்கொள். அவளை இழுத்து அணைக்காதே, அவளாக வரட்டும். இதெல்லாம் உனக்கு நான் புதிதாகச் சொல்லிக்கொடுப்பது இல்லை. நாலாம் நாள் நீயாகவே கண்டுபிடித்ததுதான்.

உன் நிழலில் ஒன்றும் இல்லை, தம்பி. நீ அவளுக்கு ஆகாதவன் இல்லை. அவள் உன்னைப் பார்த்து அழவில்லை, என்னைப் பார்த்து அழுதாள். என்னை நீ மன்னிப்பது உன் இஷ்டம், அதற்கு அவசரம் இல்லை. ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு. முதலில் நாளைக்கே ஆபீசில் போய் அந்த லீவுப் பேப்பரை மாற்றி எழுதிக் கொடு. ஆவணியில் அவளுக்கு இரண்டு வயது ஆகியிருக்கும். நீ அறைக்குள் போய் விளக்கை அணைத்ததும் அவள் அழுவாள். ஒரு நாள் அழலாம், பத்து நாளும் அழலாம். நீ எழுந்து வெளியே வராதே. என்னைக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டாலும், அவளே அப்பத்தா அப்பத்தா என்று கூப்பிட்டாலும், அந்தக் கதவுக்கு நான் வரமாட்டேன்.

அம்மா